துளி இரும்பைத் தொடும் முன்: தாழ்வழுத்தக் கொதிகலனில் எண்ணெய் எரியும் விதம்

டீசல் கொதிகலனின் புகைபோக்கியில் கறுப்புப் புகை வந்தால் மதுரையில் முதலில் குற்றவாளி ஆவது பெட்ரோல் பங்க்தான். "டீசல்ல ஏதோ கலந்திருக்கான்ணே" என்பார் மெஸ் மேனேஜர். எண்ணெயைத் தெளித்து எரிக்கும் பர்னரைப் பார்க்க வந்த மெக்கானிக்கும் மறுக்கமாட்டார். காற்றின் வழியைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் தகட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். புகை நின்றுவிடும். மாதக் கடைசியில் டீசல் பில் மட்டும் ஏறியிருக்கும். கலப்படமே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிறிய கொதிகலன்களில் வரும் புகை, கரி, கண்ணெரிச்சல், பற்றவைக்கும்போது கேட்கும் 'டப்' என்ற சத்தம் எல்லாவற்றுக்கும் எண்ணெயைப் பழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

இங்கே பேசுவது பெரிய ஆலைக் கொதிகலன்களைப் பற்றி அல்ல. கல்லூரி விடுதியில் விடியற்காலை இட்லிக்கு ஆவி தருவது, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நிற்பது, லாட்ஜ் மாடிக்கு வெந்நீர் அனுப்புவது, சாயப்பட்டறைத் தொட்டியைச் சூடாக்குவது போன்ற சின்னக் கொதிகலன்கள். ஆவியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குள். 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்துக்கு 2007-இல் வந்த திருத்தம் இந்த இடத்தில்தான் கோடு போட்டது, புதுச் சட்டத்திலும் அதே கோடுதான்: வடிவமைப்பு அழுத்தமும் இயக்க அழுத்தமும் ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால், அல்லது கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவாக இருந்தால், அது சட்டத்தின் கண்ணில் கொதிகலனே அல்ல. அமெரிக்காவில் தாழ்வழுத்த ஆவிக்கு வைத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு (பி.எஸ்.ஐ.); கிட்டத்தட்ட இதே அளவு. வரம்புக்குள் வந்துவிட்டால் ஆண்டு ஆய்வு கிடையாது, சான்றிதழ் பெற்ற அட்டெண்டர் வேண்டியதில்லை. நடைமுறையில் சமையல் மாஸ்டரோ வாட்ச்மேனோ சுவிட்சைப் போடுகிறார். சட்டம் பார்ப்பது அழுத்தத்தை. தீப் பக்கத்து ஆபத்துக்கு அழுத்தம் தேவையே இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

எங்கள் பக்கம் பாய்லர் என்றால் சீமைக்கருவேல விறகுதானே, எண்ணெய்க் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், விலையில் விறகை எண்ணெய் ஜெயிக்க முடியாது. ஆனால் விறகு அடுக்க இடமில்லாத, சாம்பல் அள்ள ஆளில்லாத, சுவிட்சைப் போட்ட அரை மணிக்குள் ஆவி வேண்டும் என்கிற இடங்கள் ஊருக்குள் நிறைய. அங்கே டீசல்தான் ஓடுகிறது.

எண்ணெய் திரவமாக இருக்கும்வரை எரியாது. எரிவது அதன் ஆவி. அகல் விளக்கில்கூட தீ நிற்பது எண்ணெயின் மேல் அல்ல. திரி மேலே இழுத்த எண்ணெய் சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. டீசல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. ஆலைகளில் எரிக்கும் கெட்டியான பர்னஸ் ஆயிலுக்கு அது 66 டிகிரி. சித்திரை வெயிலில் மதுரைக் காற்றே 40-ஐத் தொடும் என்பதால், டீசல் வாளியில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துவிடும் என்ற பழைய வித்தையை இங்கே யாரும் காட்ட வேண்டாம்.

கொதிகலனுக்கு மணிக்கு லிட்டர் கணக்கில் எரிய வேண்டும். திரியால் ஆகாது. அதற்குத்தான் நாசில் என்ற நுண்துளை முனை. கியர் பம்பு எண்ணெயை ஏழு முதல் பன்னிரண்டு கிலோ அழுத்தத்தில் தள்ளுகிறது. நாசிலுக்குள் சாய்வாக வெட்டிய நுண்ணிய பள்ளங்கள் எண்ணெயைச் சுழற்றிவிடுகின்றன. சுழன்றபடி துளை வழியே வெளியேறும்போது அது கூம்பு வடிவத்தில் மெல்லிய படலமாக விரிந்து, கிழிந்து, மூடுபனியாகச் சிதறுகிறது. இதன் லாபம் கணக்குப் போட்டால் தெரியும். ஒரு மில்லிமீட்டர் துளியை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் 8,000 துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 20 மடங்காகும். ஆவியாதல் பரப்பில்தான் நடக்கிறது. இன்னொன்று: ஒரு துளி எரிந்து தீர எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு; நான்கு மடங்கானால் பதினாறு. சராசரித் துளி நன்றாக இருந்து, நூற்றில் ஐந்து துளிகள் மட்டும் பருமனாக விழுந்தாலும் அந்த ஐந்துதான் கரியாகும்.

அதனால்தான் பட்டறைகளில் நடக்கும் இரண்டு பழக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஒன்று, நாசில் அடைத்துக்கொண்டால் ஊசியோ ஒயர் துண்டோ விட்டுக் குத்துவது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால் போதும், கூம்பு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்; அந்தப் பக்கம் எண்ணெய் அதிகம், எதிர்ப்பக்கம் காற்று அதிகம். கழுவிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் புது நாசில் போடுவதே மலிவு. இன்னொன்று, டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பம்பு அழுத்தத்தைக் குறைப்பது. எண்ணெயின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பாதியாக்கினாலும் ஓட்டம் 71 சதவீதத்துக்குத்தான் இறங்கும். துளிகளோ அதற்குள் பருத்துப்போயிருக்கும். எண்ணெய் குறைவாக வேண்டுமென்றால் சின்ன நாசில் போட வேண்டும், அழுத்தத்தில் கை வைக்கக் கூடாது.

பிசுபிசுப்பும் இதே கதைதான். டீசலின் பாகுநிலை 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். தண்ணீரைவிடச் சில மடங்குதான் கெட்டி; நாசில் சிரமமில்லாமல் உடைத்துவிடும். நடுத்தர ரகப் பர்னஸ் ஆயில் 50 டிகிரியில்கூட 180 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். அதை நாசிலுக்கு ஏற்ற 15, 20 என்ற அளவுக்கு இறக்க 100 டிகிரியைத் தாண்டிச் சூடாக்க வேண்டும். டாங்கில் ஒரு ஹீட்டர், பர்னருக்கு முன்னால் ஒரு ஹீட்டர், வழியெல்லாம் சூடு காக்கும் உறை. ஒரு ஹீட்டர் காயில் போய்விட்டால் அன்றைக்கே புகை. லிட்டர் விலையைப் பார்த்துச் சின்னக் கொதிகலனுக்குப் பர்னஸ் ஆயில் போட நினைப்பவர்கள் முதலில் இந்தச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம் ஒன்று உண்டு, அது இன்னும் வலுவானது. அதற்கு வருவதற்கு முன் கொதிகலனின் இரும்பைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில். தீ படும் இரும்புத் தகட்டின் மறுபக்கம் அந்தத் தண்ணீர் நிற்கிறது. ஆகவே தகடும் அதைவிடச் சில பத்து டிகிரிதான் கூடுதல். தீயின் சூடோ ஆயிரம் டிகிரிக்கு மேல். நமக்கு 120 டிகிரி கை வெந்துபோகும் சூடு. தீக்கு அது குளிர்ந்த சுவர். எரிந்துகொண்டிருக்கும் ஒரு துளியோ பாதி எரிந்த ஆவியோ அந்தச் சுவரைத் தொட்டால் அங்கேயே அணைந்து கரியாக ஒட்டிக்கொள்ளும். பத்து கிலோ அழுத்தக் கொதிகலனில் தண்ணீர் 184 டிகிரியில் இருக்கும். அங்கேயும் சுவர் தீயை அணைக்கும். ஆனால் தாழ்வழுத்தத்தில் சுவர் இன்னும் குளிர்ச்சி, தீயறையும் பெரும்பாலும் சின்னது. இரண்டும் சேர்ந்தால், நாசில் வாயிலிருந்து இரும்புக்கு இருக்கும் அந்தச் சில அடிக்குள், ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பத்துப் பங்குக்குள், துளி சூடேறி ஆவியாகிக் காற்றோடு கலந்து எரிந்து முடிந்தாக வேண்டும். சின்னக் கொதிகலனின் எரிப்புப் பிரச்சினை முழுவதையும் இந்த ஒரு ஓட்டப் பந்தயத்துக்குள் அடக்கிவிடலாம்.

நாசிலின் கூம்புக் கோணத்துக்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது. 45, 60, 80 டிகிரி என்று நாசில்கள் கிடைக்கும். நீளமான குறுகிய தீயறைக்குக் குறுகிய கோணம். குட்டையான அகன்ற அறைக்கு அகன்ற கோணம். கடையில் 60 இல்லை என்று 80-ஐ வாங்கி மாட்டினால் தீ பக்கச் சுவரை நக்கும். மறுவாரம் பர்னரைக் கழற்றினால், தீ நக்கிய இடம் மட்டும் கறுத்திருப்பது அழகாகத் தெரியும். வைத்தியருக்கு நாக்கு எப்படியோ மெக்கானிக்குக்கு அந்தக் கறை அப்படி.

இப்போது பர்னஸ் ஆயிலின் இரண்டாவது காரணம். எண்ணெயில் நூற்றில் பன்னிரண்டு பங்கு போல ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரிந்தால் தண்ணீர். ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாகப் புகையில் போகிறது. நம்பச் சிரமம்தான், ஆனால் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பர்னஸ் ஆயிலில் ரகத்தைப் பொறுத்து மூன்று, நான்கு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். அது எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, அதில் ஒரு சிறு பங்கு ட்ரை ஆக்சைடாகி, இந்த நீராவியோடு சேர்ந்தால் கந்தக அமிலம். அந்த அமிலம் பனித்துப் படியத் தொடங்குவது 120 முதல் 150 டிகிரிக்குள். தாழ்வழுத்தக் கொதிகலனின் குழாய்ச் சுவர் நிற்பதும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்! கொதிகலன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அமிலம் இரும்பில் வியர்க்கும் என்று அர்த்தம். குழாய் உள்ளிருந்து தண்ணீரால் அரித்துப்போனது என்று நினைத்துக் கழற்றினால், ஓட்டை விழுந்தது புகைப் பக்கமிருந்து என்று தெரியவரும். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க விற்கும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. சின்னத் தாழ்வழுத்தக் கொதிகலனுக்கு டீசல், கட்டுப்படியாகாவிட்டால் எல்.டி.ஓ. எனப்படும் லைட் டீசல் ஆயில்; பர்னஸ் ஆயில் வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி காற்று. ஒரு கிலோ எண்ணெய் எரிய ஏறத்தாழ 14 கிலோ காற்று வேண்டும். கலப்பு என்றைக்கும் முழுமையாக இருக்காது என்பதால் மேலே 15, 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம். கவனிக்க வேண்டியது, எண்ணெய் கேட்பது காற்றின் எடையை. பர்னர் ஃபேன் தருவதோ காற்றின் கன அளவை. மார்கழி விடியலில் மதுரையில் 21 டிகிரி இருக்கும்போது டேம்பரைச் சரியாகச் செட் செய்து வைத்தால், அக்னி நட்சத்திர மதியம் 40 டிகிரியில் அதே ஃபேன் அதே கன அளவைத் தள்ளும். ஆனால் காற்று விரிந்து லேசாகியிருப்பதால் எடை ஆறு சதவீதம் குறைந்திருக்கும். மார்கழியில் 20 சதவீதம் கூடுதல் வைத்திருந்தால் சித்திரையில் 13 மிஞ்சும், தப்பித்துக்கொள்ளலாம். சிக்கனம் என்று எட்டு, பத்து சதவீதத்தில் நிறுத்தியிருந்தால் மிச்சம் இருப்பது இரண்டு, மூன்று. புகைதான். "வெயில் காலத்துலதான் இது புகையுது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

கொடைக்கானல் விஷயம் இதைவிடத் தீவிரம். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர். கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு. கீழே 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.13 கிலோ என்றால், மேலே 15 டிகிரிக் குளிரிலும் அது 0.96 கிலோதான். குளிர் கொஞ்சம் ஈடு கொடுத்தும் ஆறில் ஒரு பங்கு காற்று காணாமல் போகிறது. கீழே பட்டறையில் 20 சதவீதக் கூடுதல் காற்றோடு அருமையாக எரிந்த பர்னரை லாரியில் ஏற்றி மலை மேல் ஹோட்டலில் மாட்டினால், கூடுதல் என்று எதுவுமே மிஞ்சாது; கட்டாயம் கரி கக்கும். டேம்பரில் இடம் இருந்தால் திறக்கலாம், இல்லாவிட்டால் நாசிலைச் சின்னதாக்க வேண்டும். கொதிகலனின் திறனும் அந்த அளவுக்குக் குறையும். விற்பவர் இதைச் சொல்வதில்லை.

ஃபேனையே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு குறை. செல்லூர் தறிப் பகுதியிலும் சலவைக்கூடங்களிலும் பஞ்சுத் தூசு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அது ஃபேன் இதழ்களின் குழிவில் மெத்தை போல ஒட்டிக்கொண்டால், மோட்டார் அதே வேகத்தில் சுற்றியும் காற்று குறையும். அடைத்த அறையும் அப்படித்தான். மணிக்கு பத்து லிட்டர் டீசல் எரிக்கும் பர்னர், சுமார் 120 கிலோ ஆவி தருவது, மணிக்கு ஏறத்தாழ 125 கன மீட்டர் காற்றை விழுங்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறையின் காற்று முழுவதும் மணிக்கு நான்கு முறைக்கு மேல் வெளியிலிருந்து புதிதாக வர வேண்டும். சத்தம் கேட்கிறது என்று லாட்ஜ்காரர் ஜன்னலைச் சாத்தினால், பர்னர் முதலில் புகையும். பிறகு அறைக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அப்படியானால் டேம்பரைத் தாராளமாகத் திறந்துவிட்டால் என்ன? முதலில் சொன்ன மெக்கானிக் செய்தது அதைத்தான். புகை நின்றது உண்மை. எண்ணெய் ஒரு கிலோவுக்கு 14 கிலோவும் அதன் மேல் 20 சதவீதமும் காற்று கொடுத்தால், புகையாக வெளியேறுவது சுமார் 18 கிலோ. புகைபோக்கியில் 220 டிகிரி, வெளியே 35 டிகிரி என்று வைத்தால் அந்தப் புகை தூக்கிக்கொண்டு போகும் சூடு கிட்டத்தட்ட 790 கிலோகலோரி. எண்ணெயின் 10,500 கிலோகலோரியில் ஏழரை சதவீதம். கூடுதல் காற்றை 80 சதவீதமாக்கினால் புகை 26 கிலோ, இழப்பு 11 சதவீதம். நூறு லிட்டருக்கு மூன்றரை லிட்டர், தெருக் காற்றைச் சூடாக்க மட்டும். கண்ணுக்குப் புகை தெரியாததால் யாருக்கும் சந்தேகம் வராது. அளந்து பார்த்தால் புகையில் கார்பன் டை ஆக்சைடு 13 சதவீதத்துக்குப் பதில் எட்டு, ஒன்பது என்று காட்டும். தீயின் நிறமும் கொஞ்சம் சொல்லும்: காற்று போதாத தீ மங்கிய சிவப்பாக, நுனியில் புகை வாலோடு நீளும், காற்று மிகுந்த தீ குட்டையாக, கண்ணைக் கூசும் வெளுப்பாகச் சீறும். நடுவில் உள்ள தெளிவான ஆரஞ்சு மஞ்சள்தான் வேண்டியது. ஆனால் பதினைந்து சதவீதத்தையும் நாற்பதையும் கண்ணால் பிரித்துச் சொல்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. அதற்குப் புகையில் உள்ள வாயுக்களை அளக்கும் அனலைசர் வேண்டும்.

அனலைசர் இல்லாதவர்கள் குறைந்தபட்சம் புகைபோக்கியில் ஒரு தெர்மாமீட்டர் சொருகி வைக்கலாம். சுத்தம் செய்த அன்று 220 காட்டியது, அதே சுமையில் மெல்ல மெல்ல 260 காட்டுகிறது என்றால், சூடு தண்ணீருக்குப் போகாமல் வெளியே போகிறது. புகைப் பக்கம் கரி, அல்லது தண்ணீர்ப் பக்கம் போர்வெல் உப்பு. புகையின் வெப்பநிலை 22 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஒரு சதவீதம் போச்சு என்பது தொழிலில் உள்ளவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு.

தேவைக்கு மிஞ்சிய பெரிய பர்னர் வாங்குவதும் நம்மிடம் ஒரு வழக்கம். பெரிய பர்னர் இரண்டு நிமிடத்தில் அழுத்தத்தை எட்டிவிட்டு அணையும்; மூன்று நிமிடத்தில் மறுபடி பற்றும். ஒவ்வொரு முறை பற்றும் முன்பும், உள்ளே தேங்கியிருக்கக்கூடிய ஆவியை வெளியேற்ற ஃபேன் மட்டும் தனியாக ஓடும். பாதுகாப்புக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் சூடான குழாய்கள் வழியே குளிர்ந்த காற்றை ஓட்டுகிறோம் என்பதும் உண்மை. பற்றும் முதல் சில நொடிகளில் தீ செம்மையாக இருக்காது. கரியில் பெரும்பங்கு அப்போதுதான் படிகிறது. நாளெல்லாம் நிதானமாக எரியும் சின்ன பர்னர் இந்த வகையில் எவ்வளவோ மேல்.

கடைசியாக, நின்றுபோன பர்னரை மறுபடி கிளப்பும் அந்தச் சிவப்பு ரீசெட் பட்டன். பர்னர் கிளம்பும்போது டிரான்ஸ்பார்மர் பத்தாயிரம் வோல்ட் அளவில் பொறி விடுகிறது, மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு திறந்து எண்ணெய் தெளிக்கிறது, போட்டோசெல் தீயின் வெளிச்சத்தைத் தேடுகிறது. சில நொடிக்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் எண்ணெயை நிறுத்திப் பர்னர் தானே பூட்டிக்கொள்ளும். இட்லிக்கு நேரமாகிறது என்று பட்டனை மறுபடி மறுபடி அமுக்கினால், ஒவ்வொரு அமுக்குக்கும் கொஞ்சம் பற்றாத எண்ணெய் தீயறைத் தரையில் சேரும். அறை சூடாக இருந்தால் அது ஆவியாகி நிரம்பும். நாலாவது, ஐந்தாவது முறை பொறி பிடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும். கதவு பிய்ந்து பறக்க அது போதும். ஆவியின் அழுத்தமானி அப்போது பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டிருந்தாலும் சரி. ஒரு முறை அமுக்கலாம். அதிலும் பிடிக்கவில்லை என்றால் மெயினை அணைத்து, எண்ணெய் வால்வை மூடி, அறை ஆறியபின் பர்னரைக் கழற்றித் தரையில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு போட்டோசெல் கண்ணில் கரி, எலக்ட்ரோடு இடைவெளி, ஃபில்டர், டாங்க் அடியில் தண்ணீர் என்ற வரிசையில் காரணம் தேடலாம். அன்றைக்கு இட்லி, விறகு அடுப்பில்.